முகத்துவார மணல்திட்டில் கூடாரம் வேண்டாம்

வணக்கம். டிசம்பர் முதல் வாரத்தில் இரு குழந்தைகளுடன் கடலூர் தேவனாம்பட்டினத்துப் பக்கம், கெடிலம் கடலில் கலக்கும் இடத்தருகே மணல்திட்டில் கூடாரம் அடித்துத் தங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இடம், காலம் இரண்டையுமே மாற்றிக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.

வடகிழக்குப் பருவமழை அப்போது ஓய்ந்திருக்காது. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்த பின், சாத்தனூர் அணையிலிருந்து திறந்துவிடப்பட்ட நீர் தென்பெண்ணையில் பெருகி, கடலூரின் ஆற்றோரக் குடியிருப்புகளுக்குள் புகுந்ததை நினைவில் கொள்ளுங்கள். இங்கே வானம் வெளுத்திருந்தாலும் மேற்கே பெய்த மழை ஆற்றில் வந்து சேரும் என்பதால், மழைக்காலத்தில் எந்த முகத்துவாரத்தையும் நம்பக் கூடாது.

பிப்ரவரியில் வாருங்கள். கரையிலிருந்து தள்ளியிருக்கும் மேடான சவுக்குத் தோப்பு ஒன்றைப் பகலிலேயே பார்த்து, உரிமையாளரிடம் அனுமதி பெற்று, காய்ந்த கிளை எதுவும் தலைக்கு மேல் தொங்காத இடமாகத் தேர்ந்தெடுங்கள். சவுக்குச் சருகு சட்டெனப் பற்றிக்கொள்ளும். ஆகவே அங்கே அடுப்பு மூட்டாமல், கட்டுச்சோறு எடுத்து வருவதே நல்லது.

மணலில் கூடார முளைகள் நிற்கமாட்டா. பழைய அரிசிப் பைகளில் மணலை நிரப்பி, வாயை இறுக்கிக் கயிற்றைக் கட்டி, முழங்கை ஆழத்துக்குக் குழி தோண்டிப் புதைத்து, மேலே மணலைத் தள்ளி மிதித்துவிட்டால் கடற்காற்றுக்குக் கூடாரம் அசையாது. வருவதற்கு முன் வீட்டு மாடியில் ஒருமுறை விரித்து, தையல்களில் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள்.

பிப்ரவரி மாதம், பங்குனி ஆமைகள் எனப்படும் கடலாமைகள் முட்டையிடக் கரையேறும் பருவம். குழந்தைகள் கையிலுள்ள டார்ச்சைக் கடலை நோக்கி அடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.