கோலாலம்பூர் (கே.எல்) – லண்டன்: ஆறரை மணி நேரத்தில் போய்விடுமா?

ஆறரை மணி நேரத்தில் லண்டன் போய்விடுமா, டிக்கெட்டில் நேரம் தப்பான்னு கேட்டிருக்கீங்க. இரவு 11:30க்கு கே.எல். விமான நிலையத்தில் (கே.எல்.ஐ.ஏ.) ஏறி மறுநாள் காலை 5:55க்கு லண்டன்னு உங்க அம்மா டிக்கெட்டில் இருப்பது சரிதான். ரெண்டும் அந்தந்த ஊர் நேரம். ஜனவரியில் லண்டன் மலேசியாவுக்கு 8 மணி நேரம் பின்னால். டிக்கெட்டில் தெரியும் 6 மணி 25 நிமிடத்தோட அதைக் கூட்டினா பயணம் 14 மணி 25 நிமிடம். (மார்ச் கடைசி ஞாயிறிலிருந்து அக்டோபர் கடைசி ஞாயிறு வரைக்கும் வித்தியாசம் 7தான்.)

10,600 கி.மீ.யை 900ஆல் வகுத்து 12 மணி நேரம்னு கணக்குப் போட்டிருக்கீங்க. அதைவிடக் கூட ஆவதுக்குக் காரணம் இருக்கு. மேற்கே போகும்போது உயரத்தில் எதிர்க்காற்று. திரும்பி வரும்போது அதே காற்று பின்னாலிருந்து தள்ளும், ஒரு மணி நேரம் போல மிச்சமாகும். உக்ரேன் வான்வெளி மூடிக் கிடப்பதால் கொஞ்சம் சுற்றித்தான் போகணும். ஓடுபாதைக்கு ஊர்ந்து போகும் நேரமும் டிக்கெட் கணக்கில் சேரும்.

எனக்கு உறுத்துவது அம்மா பினாங்கிலிருந்து கே.எல். வருகிற ஏர்ஏசியா டிக்கெட்தான். அதைத் தனியா வாங்கியிருக்கீங்க. ஏர்ஏசியா டெர்மினல் 2ல் இறக்கும், லண்டன் விமானம் டெர்மினல் 1ல். பெட்டி தானா மாறாது. அம்மாவே எடுத்து, ரயில் ஏறி, மறுபடி செக்-இன் செய்யணும். ரயில் மூணு நிமிடம்தான், பெட்டி பெல்ட்டில் வரவே அரை மணி ஆகலாம். பினாங்கிலிருந்து இரவு 9:40க்கு வந்து இறங்குவது வேண்டவே வேண்டாம். மாலை 6 மணிக்குள் இறங்குகிற விமானமா மாத்துங்க. முதல் விமானம் தாமதமானா லண்டன் டிக்கெட் பணம் போனது போனதுதான்.