ஆம்புட்ஸ்மன்: 1713-ஆ, 1809-ஆ?

அரசு அதிகாரிகள் மீதான மக்களின் புகார்களை விசாரிக்கும் ஆம்புட்ஸ்மன் பதவி சுவீடனில் தொடங்கியது 1713-இலா 1809-இலா, கட்டுரையில் எதைப் போடுவது என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டு ஆண்டுமே சரி, பதவிதான் வேறு. பொல்தாவா போரில் தோற்று ஒட்டோமான் மண்ணில் தங்கியிருந்த சுவீடன் மன்னர் பன்னிரண்டாம் சார்லஸ், ஊரில் நீதிபதிகளும் அதிகாரிகளும் ஒழுங்காக நடக்கிறார்களா என்று கண்காணிக்க 1713-இல் ஏற்படுத்தியது முதலாவது. அது மன்னருடைய ஆள். 1719-இல் பெயரும் ஜஸ்டிஸ் சான்சலர் என்று மாறிவிட்டது.

நாடாளுமன்றத்துக்கென்று தனி ஆம்புட்ஸ்மனைத் தந்தது 1809 அரசமைப்பு. 1810-இல் லார்ஸ் ஆகுஸ்டின் மன்னர்ஹெய்ம் முதலில் தேர்வானார். உலகம் பின்பற்றியது இந்த வடிவத்தைத்தான் என்பதால் நான் 1809 என்றே எழுதுவேன்.

அப்புறம், 'புகார் அதிகாரி' என்பது ஆம்புட்ஸ்மன் என்ற சொல்லின் நேர்ப்பொருள் அல்ல. சுவீடிய மொழியில் 'ஒம்புத்' என்றால் பிறர் சார்பில் செயல்படுபவர். அங்கே அந்தப் பதவியில் பெண்கள் இருந்தாலும் பதவிப் பெயர் அதேதான்.