மைனஸ் 25 குளிரில் அத்தி: தொட்டியா, தரையா?

தம்பி, குளிர் மைனஸ் 25 டிகிரி வரை இறங்கும் ஊரில் அத்தி காய்க்குமா, பனிக்காலம் முழுக்க ஹாலில் ஜன்னலோரம் வைத்தால் போதுமா என்று கேட்டிருந்தீர்கள். காய்க்கும். ஹாலில் மட்டும் வைக்காதீர்கள்.

நாட்டு அத்தி வெப்பமண்டல மரம், இந்தக் குளிருக்கு ஆகாது. உங்களுக்கு வேண்டியது சீமை அத்தி. அது இலையை உதிர்த்துவிட்டுக் குளிர்காலத்தில் உறங்கிவிடும். வெளிச்சம் குறைந்த, 20 டிகிரி சூடுள்ள அறையில் அதை உறங்க விடாமல் வைத்தால் வெளிறிய இலையாக விட்டுச் சேமித்த சத்தைத் தீர்த்துக்கொள்ளும். சிலந்திப்பேனும் பிடிக்கும்.

வகையில் சிக்கனம் பார்க்க வேண்டாம். சிகாகோ ஹார்டி, ஃப்ளோரியா, ரோண்ட் டி போர்டோ போல சீக்கிரம் பழுக்கிற, மகரந்தம் சேர்க்கும் அத்திக்குளவியின் உதவி இல்லாமலே காய்க்கிற வகையின் பதியனோ குச்சியோ வாங்குங்கள். உலர்பழ விதையை முளைக்கவைப்பது வீண் வேலை. அந்தக் கன்று ஆண் மரமாக இருக்கலாம். அத்திக்குளவி இல்லாமல் பிஞ்சை உதிர்ப்பதாகவும் இருக்கலாம்.

வாடகை வீடு என்றால் யோசிக்கவே வேண்டாம், தொட்டிதான். 40 முதல் 60 லிட்டர் போதும். அதற்கு மேல் போனால் தூக்க ஆள் தேட வேண்டியிருக்கும். உறங்கும் கிளை மைனஸ் 9, 10 வரை கொஞ்ச நேரம் தாங்கும். வேர் அவ்வளவு தாங்காது. தொட்டியைக் குளிர் எல்லாப் பக்கமும் சூழ்வதால் அங்கே முதலில் சாவது வேர்தான். லேசான உறைபனி பட்டு இலை உதிர்ந்ததும், இரவுக் குளிர் மைனஸ் 4-ஐத் தாண்டும் முன் கராஜுக்கோ சூடேற்றாத நிலவறைக்கோ மாற்றுங்கள். 0 முதல் 7 டிகிரிக்குள் இருந்தால் நல்லது. இலை இல்லாததால் இருட்டு பாதகமில்லை. மிச்சமிருக்கும் பச்சைக் காய்களைப் பறித்துவிடுங்கள். அவை பழுக்கப்போவதில்லை, பூஞ்சைதான் பிடிக்கும். காம்பில் வடியும் அத்திப் பால் தோலில் பட்டு வெயிலும் பட்டால் புண்ணாகும், கையுறை அவசியம்.

உறக்கத்தில் அத்தியைக் கொல்வது பெரும்பாலும் குளிரல்ல, தண்ணீர். மாதம் ஒருமுறை அரை லிட்டர், மண் தூசியாகக் காயாமல் இருந்தால் போதும். பாவம் பார்த்து வாரா வாரம் ஊற்றினால் வேர் அழுகிவிடும்.

அடுத்த சிக்கல் கோடையின் நீளம். பிஞ்சு பழமாக வகையைப் பொறுத்து 75 முதல் 100 நாள் ஆகும். முதல் உறைபனிக்கு முன் பழம் வேண்டுமானால் ஜூன் கடைசி, ஜூலை முதல் வாரத்துக்குள் பிஞ்சு தெரிய வேண்டும். அதனால் ஏப்ரலிலேயே வெளிச்சமான இடத்தில் எழுப்புங்கள். உறைபனி பயம் போனபின் நிழலில் தொடங்கி ஒரு வாரம், பத்து நாளில் முழு வெயிலுக்குக் கொண்டுவாருங்கள். நேரே வைத்தால் இலை கருகும். தளிரில் ஐந்தாறு இலை வந்ததும் நுனியைக் கிள்ளினால் மரம் காய்ப்புக்குத் திரும்பும். ஜூலைக்குப் பிறகு தழைச்சத்து போடாதீர்கள். இலைதான் கொழுக்கும், கிளை முற்றாமல் குளிரில் மாட்டிக்கொள்ளும்.

சொந்த நிலம் இருந்து தரையில்தான் வைப்பேன் என்றால், சாக்கைச் சுற்றிவிட்டுப் போவது மைனஸ் 25-க்குக் காணாது. மரம் சூடு உண்டாக்காது, எனவே சுற்றியதற்குள் காக்க ஒன்றுமில்லை. சூடு இருப்பது மண்ணில்தான். நியூயார்க், டொராண்டோ பக்கம் குடியேறிய இத்தாலியர்கள் மரத்தையே புதைக்கிறார்கள்: இலை உதிர்ந்தபின் கிளைகளைக் கயிற்றால் கட்டி, ஒரு பக்க வேரை மண்வெட்டியால் வெட்டி, எதிர்ப்பக்கம் வெட்டிய பள்ளத்தில் சாய்த்து, மேலே பலகை, அதன்மேல் ஓரடி மண். நல்ல முறைதான், முதுகுதான் பாவம். ஆரம்பத்திலேயே தண்டைத் தரையிலிருந்து ஓரடிக்குள் கிடையாகப் படரவிட்டால் புதைக்காமலே வைக்கோல், பலகை போட்டு மூடிவிடலாம். பிளாஸ்டிக் தாளை நேராகக் கிளைமேல் போடாதீர்கள். பகலில் வெந்து, இரவில் வியர்த்து, பூஞ்சை பிடிக்கும். எலி பட்டையைக் கடிக்கும், அடித்தண்டைச் சுற்றிக் கம்பிவலை கட்டுங்கள்.

வசந்தத்தில் துளிர்க்கவில்லை என்று அவசரப்பட்டுப் பிடுங்க வேண்டாம். பட்டையை நகத்தால் சுரண்டுங்கள். உள்ளே பச்சை என்றால் உயிர் இருக்கிறது. கிளையெல்லாம் பழுப்பானாலும் ஜூன் முடியும்வரை விடுங்கள், அடியிலிருந்து வெடித்து வரும். சிகாகோ ஹார்டி அந்தப் புதுக்கிளையிலும் காய்க்கும், கோடை நீண்டால் பழமும் கிடைக்கும்.