நிலநடுக்கோட்டுக் கடலில் காற்றே இருக்காது என்கிறார்கள், அப்புறம் சூறைக்காற்றும் இடிமழையும் எப்படி?

காற்று இல்லாமல் இல்லை. பக்கவாட்டில் வீசாமல் மேலே ஏறுகிறது, அவ்வளவுதான். வடகிழக்கிலிருந்தும் தென்கிழக்கிலிருந்தும் வரும் வியாபாரக் காற்றுகள் இங்கேதான் சந்திக்கின்றன. வெயிலில் சூடேறிய ஈரக்காற்று லேசாகி உயர்கிறது. பாய்மரத்துக்கு வேண்டியது கிடைமட்டக் காற்று. அது இல்லாததால் அந்தக் காலத்துக் கப்பல்கள் வாரக்கணக்கில் நகராமல் கிடந்திருக்கின்றன. பள்ளியில் ‘அமைதி மண்டலம்’ என்று படித்தது இதைத்தான். என்னைக் கேட்டால் பெயர் கொஞ்சம் ஏமாற்று வேலை.

மேலே போன ஈரம் சும்மா இருக்குமா? குளிர்ந்து, 15 கிலோமீட்டருக்கும் மேலே எழும் இடிமேகமாகிறது. கடல் எண்ணெய் ஊற்றியதுபோல் வழவழவென்று கிடக்கும். தூரத்தில் ஒரு கறுப்பு மேகம், அதன் அடியில் சாம்பல் நிறத்தில் மழைத்திரை. திடீரென்று முகத்தில் சில்லென்று காற்று அடிக்கும். மழையோடு கீழே இறங்கும் குளிர்காற்று கடல்மேல் மோதி நாலாபக்கமும் சிதறுவதுதான் அது. கொஞ்ச நேரம் ஆட்டிவைத்துவிட்டு மேகம் நகர்ந்துவிடும். பாய் மறுபடி துவண்டு தொங்கும்.

சரி, இவ்வளவு மேகம் இருந்தும் பெரும்புயல் ஏன் பிறப்பதில்லை? காற்றைச் சுழலவைக்கும் கொரியோலிஸ் விளைவு நிலநடுக்கோட்டில் பூஜ்யம். அதனால் இருபுறமும் சுமார் 5 டிகிரிக்குள் புயல் உருவாவது மிக அபூர்வம். 2001 டிசம்பரில் சிங்கப்பூர் அருகே ஏறக்குறைய 1.4 டிகிரி வடக்கில் உருவான வாமெய் புயல் ஒரு விதிவிலக்கு.

காற்றுகள் சந்திக்கும் இந்த அமைதி மண்டலப் பட்டை ஒரே இடத்தில் நிற்பதுமில்லை. சூரியனைத் தொடர்ந்து வடக்கும் தெற்குமாக நகரும். அட்லாண்டிக்கிலும் கிழக்குப் பசிபிக்கிலும் ஆண்டின் பெரும்பகுதி கோட்டுக்கு வடக்கேயே இருக்கும்.