புதிய பேட்டரி போட்டும் பழைய கார் நான்கு நாளில் ஸ்டார்ட் ஆகாமல் போவது ஏன்?

ஆல்டர்னேட்டர் சரியாக சார்ஜ் செய்கிறது, அதாவது இன்ஜின் ஓடும்போது பேட்டரி முனைகளில் 13.8 முதல் 14.4 வோல்ட் வரை வருகிறது என்றால், வண்டி நிற்கும்போது ஏதோ ஒன்று மின்சாரத்தை இழுத்துக்கொண்டிருக்கிறது என்றே கொள்ள வேண்டும்.

சாவியை எடுத்துவிட்டு, பேட்டரியின் நெகட்டிவ் கேபிளைக் கழற்றி, கேபிளுக்கும் முனைக்கும் இடையே மல்டிமீட்டரை 10 ஆம்பியர் அளவில் இணையுங்கள். அந்த நிலையில் வண்டியை ஸ்டார்ட் செய்யவே கூடாது. மீட்டரின் ஃபியூஸ் போய்விடும். கதவுகளை மூடி அரை மணி நேரம் பொறுத்திருங்கள், ஏனெனில் வண்டியிலுள்ள மின்னணுப் பகுதிகள் உறங்குவதற்குச் சற்று நேரம் பிடிக்கும்; முதல் நிமிடத்தில் தெரியும் எண்ணை நம்பி ஏமாறுபவர்களே அதிகம். 50 மில்லி ஆம்பியருக்குக் கீழே என்றால் கவலையில்லை. 300 மில்லி ஆம்பியர், அதாவது மீட்டரில் 0.30 என்று காட்டினால், 45 ஆம்பியர்-மணி பேட்டரி ஆறே நாளில் முற்றிலும் காலியாகிவிடும். ஸ்டார்ட்டர் அதற்கு முன்பே திணறத் தொடங்கும்.

இனி ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். எதைக் கழற்றும்போது எண் சட்டென்று விழுகிறதோ, குற்றவாளி அந்தச் சுற்றில்தான் இருக்கிறது. பிற்பாடு பொருத்திய ஸ்டீரியோவை நான் முதலில் சந்தேகிப்பேன். டிக்கி விளக்கையும் மறவாதீர்கள்: மூடிய பிறகும் அது அணையாமல் எரிந்துகொண்டிருந்தால், டிக்கியைத் திறந்த உடனே பல்பைத் தொட்டால் சூடாக இருக்கும். அணையாமல் ஒட்டிக்கொண்ட ரிலேயும் (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) இப்படியே வெதுவெதுப்பாக இருக்கும்.

எந்த ஃபியூஸுக்கும் எண் அசையவில்லையா? பேட்டரி இணைப்பை நீக்கிவிட்டு, ஆல்டர்னேட்டரின் தடித்த கம்பியைக் கழற்றி, அதன் நுனியை டேப்பால் சுற்றி, மீண்டும் அளந்து பாருங்கள். இப்போது எண் இறங்கினால் ஆல்டர்னேட்டருக்கு உள்ளேயுள்ள டையோடு (மின்சாரத்தை ஒரே திசையில் மட்டும் விடும் பாகம்) பழுதாகியிருக்கிறது.