குப்பத்து வீட்டுக் கணக்கு: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

எண்ணூர் மீனவக் குப்பங்களைப் பற்றி நீங்கள் எழுதிவரும் கட்டுரைகளைத் தொடர்ந்து படித்து வருகிறேன். நான் நாமக்கல் பக்கம். பொதுத்துறை வங்கி ஒன்றில் கிளை மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவன். சென்ற மாதம் மகள் வீட்டுக்குச் சென்னை வந்திருந்தபோது, உங்கள் எழுத்தின் தூண்டுதலால் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தையும் எண்ணூர் முகத்துவாரத்தையும் நேரில் பார்த்தேன். காசிமேட்டு ஏலத்தில் ஒரே கூடை மீன் ஆயிரக்கணக்கில் போவதைக் கண்டு வியந்தேன். ஆனால் அன்று மாலையே எண்ணூரில் பேச்சுக் கொடுத்த ஓர் அம்மையார், மகளின் பள்ளிக் கட்டணத்துக்காகத் தோட்டை அடகு வைத்திருப்பதாகச் சொன்னார். இவ்வளவு பணம் புழங்கும் இடத்தில் சேமிப்பு என்று ஏன் எதுவுமே நிற்பதில்லை? குடியும் ஆடம்பரமும் காரணமா, அல்லது திட்டமிடும் பழக்கம் இல்லையா? குறையாகச் சொல்லவில்லை, புரிந்துகொள்ளவே கேட்கிறேன். அங்குள்ள பெண்களுக்குச் சேமிப்பு குறித்து ஒரு வகுப்பு நடத்தித்தரவும் விரும்புகிறேன். வரலாமா?

அன்புடன்,
செ., நாமக்கல்

அன்புள்ள ஐயா,

நீங்கள் கணக்கிலேயே வாழ்ந்தவர் என்பதால் நானும் கணக்கிலிருந்தே தொடங்குகிறேன். காசிமேட்டு ஏலத்தில் உங்கள் காதில் விழுந்த தொகை ஒரு படகின் வரவு. அதை ஒரு குடும்பத்தின் வருமானமாக எடுத்துக்கொண்டால் அதன் பிறகு வரும் எல்லாமே தவறாகத்தான் தெரியும். எங்கள் பக்கத்துச் சிறிய ஃபைபர் படகு ஒன்று ஒரு நாள் 10,000 ரூபாய்க்கு மீன் கொண்டுவந்ததாக வைத்துக்கொள்வோம். எரிபொருள், ஐஸ், சாப்பாடு, ஏலம் விடுபவரின் கழிவு என்று 3,000 ரூபாயை முதலில் எடுத்துவிடுவார்கள். மீதமுள்ள 7,000 ரூபாய், படகு, எஞ்சின், வலை ஆகியவற்றுக்கு மூன்று பங்கு, கடலுக்குப் போன நான்கு பேருக்கு ஆளுக்கொரு பங்கு என்று பிரிந்தால், ஓர் ஆள் வீட்டுக்கு எடுத்துவருவது 1,000 ரூபாய். பங்கு பிரிக்கும் முறை ஊருக்கு ஊர், வலைக்கு வலை மாறும். ஆனால் செலவு போக மிஞ்சினால்தான் பங்கு என்பதும், மீன் படாத நாளில் எண்ணெய்க் காசே கடனாக ஏறும் என்பதும் எங்கும் மாறாது. எங்கள் தொழிலில் கூலி கிடையாது, பங்குதான். மாதச் சம்பளக்காரர் முப்பது நாளைக்கும் சேர்த்து ஒரு முறை போடும் கணக்கை எங்கள் வீட்டில் ஒவ்வொரு நாளும் புதிதாகப் போட வேண்டியிருக்கிறது.

அந்தக் கணக்கைப் போடுபவர் கடலுக்குப் போன ஆள் அல்ல. கரையில் மீன் இறங்கியதும் ஆணின் வேலை பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. அவர் வலையை உதறிக் காயப்போட்டுவிட்டுத் தூங்கப் போவார். மீன் பணமாவதும் அந்தப் பணம் எங்கே போக வேண்டும் என்று முடிவாவதும் பெண்ணின் கையில். என் சின்னம்மா மீன் விற்றுத் திரும்பி வந்து கணக்குப் பார்ப்பதைச் சிறுவயதிலிருந்து பார்த்து வருகிறேன். மதியம் இரண்டு மணிவாக்கில் வந்து, அன்னக்கூடையைக் கழுவி வெயிலில் கவிழ்த்துவிட்டு, வாசற்படியில் உட்கார்ந்து, இடுப்பிலிருக்கும் சுருக்குப்பையைத் தரையில் கொட்டுவார். நோட்டுகள் ஈரத்தில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, செதில் அப்பிக் கிடக்கும். ஒவ்வொன்றாகப் பிரித்து, முந்தானையில் துடைத்து, குவியல் குவியலாக வைப்பார். முதல் குவியல் மறுநாள் ஏலத்தில் மீன் எடுப்பதற்கான முதல். அதைத் தொட வீட்டில் யாருக்கும் உரிமை இல்லை, பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால்கூட அதற்கு வேறு வழிதான் பார்ப்பார். இரண்டாவது, ஐசுக்கும் ஷேர் ஆட்டோவுக்கும். மூன்றாவது, நான்கு மணிக்கு வாசலில் வந்து நிற்கப்போகும் தண்டல்காரருக்கு, அதாவது கொடுத்த கடனை வட்டியோடு நாள்தோறும் வசூலிப்பவருக்கு. நான்காவது சீட்டுக்கு. ஐந்தாவதுதான் வீட்டுக்கு, பல நாட்கள் அந்தக் குவியல் இருந்ததே இல்லை. அப்படிப்பட்ட நாட்களிலும் அடுப்பு எரிந்ததற்குக் காரணம், பங்குக் கணக்கில் சேராமல் ஒவ்வொருவரும் வீட்டுக்கு எடுத்துவரும் குழம்பு மீன். கவலை மீனோ காரப்பொடி மீனோ, ஏலத்தில் விலை போகாததுதான் எங்கள் சட்டியில் அதிகம் வெந்திருக்கிறது. வஞ்சிரம் விற்பவர்கள் வஞ்சிரம் தின்பதில்லை.

(இப்போது அவருடைய கூடையின் ஓரத்திலும் கியூஆர் அட்டை ஒன்று தொங்குகிறது. வாங்குபவர்களுக்கு வசதி. ஆனால் பணம் மகனின் வங்கிக் கணக்குக்குப் போய், பிறகு அவன் எடுத்துக் கொடுத்தால்தான் குவியலாக முடியும் என்பதில் சின்னம்மாவுக்குத் துளியும் திருப்தி இல்லை. அவர் கவலை நியாயமானது என்றே எண்ணுகிறேன்.)

இனி உங்கள் கேள்வி. சேமிப்பு இல்லை என்கிறீர்கள். நீங்கள் பார்த்த இடத்தில் இல்லை என்பதுதான் சரி. எங்கள் ஊரில் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு மொய் நோட்டு இருக்கும். காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கல்யாணம், வீடு குடிபோதல் என்று எந்த விசேஷத்துக்கு யார் எவ்வளவு எழுதினார்கள் என்பது அதில் இருக்கும். நம் வீட்டு விசேஷம் வரும்போது அந்தத் தொகை, கூடவே கொஞ்சம் ஏற்றமாக, திரும்பி வர வேண்டும். வராவிட்டால் வாசலில் நின்று கேட்கும் அளவுக்கு அது கறாரான கணக்கு. நல்ல மீன்பாடு கண்ட வாரத்தில் குப்பத்துப் பெண் ஒருத்தி உறவுக்காரர் கல்யாணத்தில் தாராளமாக மொய் எழுதுவது உங்கள் கண்ணுக்கு ஆடம்பரமாகத் தெரியும். அவளுக்கோ அது தன் மகள் கல்யாணத்துக்குப் போட்டுவைக்கும் வைப்புத்தொகை. தோடும் அப்படித்தான். அடகுக் கடையில் வைக்க முடிகிறது என்பதால்தான் அது வாங்கப்படுகிறது. நீங்கள் சந்தித்த அம்மையார் தோட்டை இழந்துவிட்டதாக நினைக்க வேண்டாம். சேமித்ததை எடுத்துச் செலவு செய்திருக்கிறார். வட்டி கொடுத்து எடுக்க வேண்டியிருக்கிறது என்பது உண்மை, அந்த வட்டி கசக்கத்தான் செய்யும். ஆனாலும் அரை மணி நேரத்தில் பணம் கைக்கு வருகிறது. வங்கியைப் பற்றிப் பக்கத்து வீட்டு அக்காவிடம் ஒரு முறை பேச்சுக் கொடுத்தபோது, "ராத்திரி மூணு மணிக்கு எஞ்சின் மக்கர் பண்ணா உன் பேங்கு கதவத் தொறப்பானா?" என்று கேட்டார். நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

கருவாட்டையும் இந்த வரிசையில் சேர்க்க வேண்டும். மீன் கொட்டிக் கிடந்து விலை விழுந்த நாளில் நெத்திலியையும் கவலையையும் மணலில் காயப்போட்டுவிட்டால், கடல் கொந்தளிக்கும் மழைக்காலத்தில் அதுவே விற்கவும் தின்னவும் உதவும். இதற்குப் பணமோ புத்தகமோ தேவையில்லை, வெயிலும் உப்பும் மணலும் இருந்தால் போதும். அந்த மணல்தான் எங்களிடமிருந்து போய்விட்டது. இந்தக் கரையோரம் ஆண்டில் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்காக நகர்ந்துகொண்டிருக்கும். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சென்னைத் துறைமுகத்தின் சுவர்கள் எழுந்து அந்த ஓட்டத்தைத் தடுத்தன. தெற்கே மெரினா அகன்றுகொண்டே போக, வடக்கே இராயபுரம், திருவொற்றியூர் பக்கம் கடல் கரையைத் தின்றுகொண்டே வந்தது. மிச்சமிருப்பதைக் காக்கப் பாறாங்கல்லைக் கொட்டினார்கள். கல் கொட்டிய கரையில் வீடு தப்பலாம். படகை ஏற்ற இடமில்லை, கரைவலை இழுக்க இடமில்லை, கருவாடு காயப்போட இடமில்லை. காயப்போட இடமில்லாத வீட்டில், விலை விழுந்த நாளின் மீனை விழுந்த விலைக்கே தள்ளிவிட வேண்டியதுதான். ஒரு குடும்பத்தின் சேமிப்புப் பழக்கத்தை மதிப்பிட வருகிறவர் அதன் வாசலில் எத்தனை அடி மணல் இருக்கிறது என்று பார்ப்பதில்லை; பார்த்தால் நன்றாக இருக்கும்.

திட்டமிடத் தெரியாது என்பதையும் நான் ஏற்க மாட்டேன். தேசிய மீனவர் சேமிப்பு மற்றும் நிவாரணத் திட்டம் என்ற ஒன்று உண்டு. மீனவர் 1,500 ரூபாயைத் தவணையாகக் கட்டினால், அரசுப் பங்கு 3,000 ரூபாய் சேர்ந்து, 4,500 ரூபாயாகத் தொழில் குறைந்த மாதங்களில் திரும்பக் கிடைக்கும். மீனவப் பெண்களுக்கும் இதே போன்ற திட்டம் தனியாக இருக்கிறது. அதில் சேருவதற்கு எங்கள் பெண்களை யாரும் வற்புறுத்தத் தேவையில்லை. கடைசித் தேதி நெருங்கினால் தெருவே அலுவலக வாசலில் நிற்கும். விசைப்படகுகளுக்கான தடைக்காலம் முன்பு 45 நாட்களாக இருந்து, 2017 முதல் ஏப்ரல் 15 தொடங்கி ஜூன் 14 வரை 61 நாட்களாக நீண்டது. காசிமேட்டு விசைப்படகுகளில் வேலைக்குப் போகும் எங்கள் வீடுகள் அதற்கும் பழகிக்கொண்டன, ஏனென்றால் அது எப்போது வரும் என்று தெரியும். பங்குனியிலேயே சீட்டை எடுத்து வைத்துக்கொள்வார்கள்.

தேதி சொல்லாமல் வருவதைத்தான் தாங்க முடிவதில்லை. ஒரு வீட்டில் மீன்பாடு இல்லாதபோது இன்னொரு வீட்டில் இருக்கும் என்பதை நம்பித்தான் மொய்யும் கைமாற்றும் சீட்டும் நடக்கின்றன. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவு எண்ணூர் முகத்துவாரத்துக்குள் வந்தபோது அந்த நம்பிக்கையின் அடிப்படையே ஒரே இரவில் போயிற்று. எல்லா வீட்டிலும் ஒரே நாளில் தொழில் நின்றது. யாரிடம் கைமாற்றுக் கேட்பது? ஆற்றில் போட்டிருந்த வலைகள் கறுப்புப் பிசினாகத் திரும்பின. வலை என்பதும் எங்களுக்குச் சேமிப்புதான். நல்ல நாளில் மிஞ்சியதைக் கொண்டு வாங்கி, கிழிந்தால் கோத்து, ஆண்டுக்கணக்கில் வைத்திருப்பது. எங்கள் ஆட்கள் வாளியாலும் மக்காலும் எண்ணெயை அள்ளிக்கொண்டிருந்த வாரங்களில், பெண்கள் வேறு இடத்து மீனை எடுத்துப் போய் விற்றாலும், எண்ணூர்க்காரி கூடை என்று வாங்காமல் நகர்ந்தவர்கள் உண்டு. அரசு அதிகம் பாதிக்கப்பட்ட 2,301 குடும்பங்களுக்குத் தலா 12,500 ரூபாயும், 787 படகுகளைச் சரிசெய்யத் தலா 10,000 ரூபாயும் அறிவித்தது. அந்தப் பணம் எங்கள் தெருவில் எங்கே போயிற்று என்றால், பெரும்பகுதி தண்டலுக்குத்தான். தொழில் நின்றது, தண்டல் ஒரு நாள்கூட நிற்கவில்லை. சீட்டு எடுத்தவர்கள் கட்ட முடியாமல் போனதால் எடுக்காதவர்களின் காசும் முடங்கியது. அந்த ஒரு மாதத்தில் அடகுக்குப் போன நகைகளில் எத்தனையோ இன்னும் திரும்பவில்லை. நீங்கள் பார்த்த தோடு அவற்றில் ஒன்றாக இருந்தாலும் எனக்கு வியப்பில்லை.

குடியைப் பற்றிக் கேட்டீர்கள். இருக்கிறது, மறைக்க ஒன்றுமில்லை. இரவு முழுக்கக் குளிரில் ஈரத்தில் கிடந்த உடம்பு கேட்கிறது என்று சொல்லிக்கொள்வார்கள், உடம்பு கேட்காத பகலிலும் குடிப்பார்கள். அதைத் தாங்குவதும் பெண்களே. முதல் குவியலை யார் கண்ணிலும் படாமல் அரிசிப் பானைக்குள் வைக்கும் பழக்கம் வந்ததே அதனால்தான். ஆனால் ஒரு குடும்பத்தை மூழ்கடிப்பதில் குடியைவிடத் தண்டல் வட்டிக்கும், முன்பணம் கொடுத்துவிட்டு மீனைத் தனக்கே, தான் சொன்ன விலைக்கே போட வேண்டும் என்று கட்டிப்போடும் வியாபாரிக்கும் பங்கு அதிகம் என்பது நான் பார்த்த அளவில் உறுதி. குடிப்பவனை ஊரே திட்டும். முன்பணம் கொடுத்தவரைக் கோயில் திருவிழாவில் மாலை போட்டு நிற்க வைப்பார்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். துறைமுகத்திலும் மின்நிலையத்திலும் ஒப்பந்த வேலைக்குப் போகும் பிள்ளைகள் இப்போது பல வீடுகளில் இருக்கிறார்கள். சம்பளம் ஏழாம் தேதி வாக்கில் வங்கிக்கு வருகிறது. நீங்கள் விரும்பும் வகையில் திட்டமிடக்கூடிய வருமானம். அந்த வீட்டு அம்மாக்களிடம் கேட்டுப் பாருங்கள். ஒப்பந்தம் எப்போது முடியும் என்று மேஸ்திரி சொல்வதில்லை என்பதால், அவர்களும் மொய்யையும் சீட்டையும் விடவில்லை.

வகுப்புக்கு அவசியம் வாருங்கள், ஐயா. மூன்று வேண்டுகோள்கள். வருமான வரவு செலவுப் படிவம் கொண்டுவர வேண்டாம். மொய் நோட்டைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள், வகுப்பு தானாக நடக்கும். தண்டலுக்குப் பதிலாக, நகையில்லாமல், ஒரே நாளில், 5,000 ரூபாயைத் தொழில் முதலாகத் தரக்கூடிய கடன் எந்த வங்கியில் இருக்கிறது, அதற்கு என்னென்ன காகிதம் வேண்டும் என்பதை முன்கூட்டியே விசாரித்து வாருங்கள். அவர்கள் முதலில் கேட்கப்போவது அதைத்தான். நேரம், பிற்பகல் இரண்டரை மணிக்கு மேல், தண்டல்காரர் வருவதற்குள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வேண்டாம், அன்று வியாபாரம் முடியவே சாயங்காலம் ஆகிவிடும்.

அன்புடன்.