செப்ட்ரான் ஒத்துக்கல, லாசிக்ஸ் போடலாமா?

ஏற்காட்டுல இருந்து ஒரு பொண்ணு கேட்டிருக்காங்க. அம்மாவுக்கு 58 வயசு, காபி தோட்டத்துல வேலை. போன வருஷம் யூரின் இன்ஃபெக்‌ஷனுக்கு செப்ட்ரான் டிஎஸ்ங்கற சல்ஃபா வகை ஆன்டிபயாடிக் சாப்பிட்டப்போ ஏழாவது நாள் நெஞ்சு முதுகெல்லாம் செவந்து தடிச்சு ஒரே அரிப்பு, மாத்திரைய நிறுத்தவும் ஒரு வாரத்துல அடங்கிடுச்சு. இப்ப கால் வீக்கத்துக்கு சேலம் டாக்டர் லாசிக்ஸ்ங்கற நீர் பிரியற மாத்திரை எழுதியிருக்காரு, மெடிக்கல்ல "இதுவும் சல்ஃபாதான், பாத்துக்கங்க"ன்னு சொல்லவும் பயந்துபோய் நாலு நாளா அட்டைய பிரிக்காமயே வெச்சிருக்காங்க. சல்ஃபா ஆகாதுன்னா தோட்டத்துல மயில்துத்தம் கலக்கறதையும் விட்டுடணுமான்னு அம்மா கேக்கறாங்களாம்.

மயில்துத்தத்த முதல்ல முடிச்சிடறேன். அது காப்பர் சல்ஃபேட்டுங்க, சல்ஃபா மருந்துக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. சத்து மாத்திரையில இருக்கற ஃபெரஸ் சல்ஃபேட், வெல்லத்துல போடற ஹைட்ரோஸ், கந்தகம், எதுவுமே சல்ஃபா இல்ல, பேருதான் ஒரே மாதிரி கேக்குது. தோட்டத்துல மருந்து கலக்கும்போது கையுறை, முகத்துல துணி கட்டிக்கறது வழக்கம்போல வேணும், அது வேற விஷயம்.

இப்ப லாசிக்ஸ். மெடிக்கல்ல சொன்னது பொய் இல்ல, லாசிக்ஸ், சுகருக்கு போடற கிளிமிபிரைடு, பிபிக்கு போடற ஹைட்ரோகுளோரோதயசைடு எல்லாமே வேதியியல்படி சல்ஃபா குடும்பம்தான். ஆனா செப்ட்ரான்ல இருக்கற சல்ஃபாமெதாக்சசோல்ல ஒட்டிட்டு இருக்கற ஒரு அமைன் துண்டுதான் பெரும்பாலும் அலர்ஜிய கிளப்புது, அந்த துண்டு லாசிக்ஸ்ல கிடையாது. 2003-ல நியூ இங்கிலாண்ட் ஜர்னல் ஆஃப் மெடிசின்ல வந்த ஆய்வுல, சல்ஃபா ஆன்டிபயாடிக் ஒத்துக்காதவங்களுக்கு இந்த மாதிரி மத்த மாத்திரைகள விட பெனிசிலின்லதான் அலர்ஜி அதிகமா வந்துச்சு, அதாவது அவங்க உடம்பே அலர்ஜிக்கு இடங்கொடுக்கற உடம்பு, மருந்துக்கு மருந்து சொந்தம்ங்கறதால இல்ல.

அதனால அம்மாகிட்ட ஒரு கேள்வி கேளுங்க. அப்ப வாய்ல புண்ணு, கண்ணு செவப்பு, தோல் உரியறது, காய்ச்சல் ஏதாவது இருந்துச்சா? வெறும் தடிப்பும் அரிப்பும்தான்னா, டாக்டருக்கு இன்னைக்கே போன் பண்ணி செப்ட்ரான் கதைய சொல்லிட்டு, அவர் சரின்னா லாசிக்ஸ ஆரம்பிச்சிடலாம், பெரும்பாலும் சரின்னுதான் சொல்வாரு. அந்த நாலுல ஒண்ணு இருந்திருந்தாலும் நேர்ல பாத்து பேசாம போடவேண்டாம். எதுவா இருந்தாலும் சும்மா நிறுத்தி வைக்காதீங்க, கால் வீக்கத்துக்கு பின்னாடி இருதயமோ கிட்னியோ இருக்கலாம், படுத்தா மூச்சு வாங்குதுன்னா போன்லாம் வேண்டாம், மலைய விட்டு கீழ ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டு வந்துடுங்க.

அம்மா நிஜமா தொடக்கூடாதது இது: செப்ட்ரான், பாக்ட்ரிம்னு எந்த பேர்ல வந்தாலும் கோட்ரைமாக்சசோல். அப்புறம் மூட்டு வாதத்துக்கும் பெருங்குடல் புண்ணுக்கும் தர்ற சல்ஃபாசலசின், குடலுக்குள்ள போய் உடையும்போது அதே வகை சல்ஃபா வெளிய வருது. தீப்புண்ணுக்கு தடவற வெள்ளை கிரீம், சில்வர் சல்ஃபாடயசின், இத வீட்டுல யாரும் மருந்துன்னே நினைக்கறதில்ல, அடுப்புல கை சுட்டா பக்கத்து வீட்டு டியூப எடுத்து தடவிடுவாங்க. சல்ஃபாசெட்டமைட் கண் சொட்டு மருந்தும் வேண்டாம்.

ஒத்துக்கறவங்களுக்கு செப்ட்ரான் நல்ல மருந்துங்க, யூரின் இன்ஃபெக்‌ஷனுக்கும், எச்ஐவி உள்ளவங்களுக்கு வர்ற ஒருவகை நிமோனியாவ தடுக்கவும் இன்னைக்கும் அதுதான் கைகொடுக்குது. நிறைய தண்ணி குடிக்கணும், வெயில் சட்டுனு தோல சுடும், ஆனா இதெல்லாம் சின்னது. பிபிக்கு எனாலப்ரிலோ டெல்மிசார்டனோ போடறவங்களுக்கு ரத்தத்துல பொட்டாசியம் ஏறிடும், கிளிமிபிரைடு போடறவங்களுக்கு சுகர் திடீர்னு இறங்கும், ரத்தம் உறையாம இருக்க வார்ஃபரின் போடறவங்களுக்கு ரத்தக்கசிவு ஆகலாம், ஜி6பிடிங்கற நொதி பிறவியிலயே குறைவா உள்ளவங்களுக்கு ரத்த அணு உடையும், பிரசவம் நெருங்கினவங்களுக்கும் பச்சக் குழந்தைக்கும் கூடாது. மிச்சமிருந்த செப்ட்ரான சளிக்கும் பேதிக்கும் தானா எடுத்து போட்டுட்டு, உதடெல்லாம் வெந்து கொப்புளிச்சுப் போய் கவுண்டர்ல வந்து நின்னவங்கள நான் பாத்திருக்கேன். அப்படி வாய்ல கண்ணுல புண்ணு கிளம்புனா காலையில பாத்துக்கலாம்னு இருக்காதீங்க, ராத்திரியானாலும் 20 ஊசி வளைவையும் இறங்கி பெரிய ஆஸ்பத்திரிக்கு வந்துடணும்.

அம்மாவோட சீட்டுல வெறுமனே "சல்ஃபா அலர்ஜி"ன்னு எழுதாம, "செப்ட்ரான் டிஎஸ், ஏழாவது நாள் தடிப்பு, அரிப்பு, வாய்ப்புண் இல்ல"ன்னு இருந்தத இருந்தபடி எழுதி பர்ஸ்ல வெச்சு விடுங்க, லாசிக்ஸ் ஒத்துக்கிட்டா அதையும் கீழ சேத்து எழுதுங்க.